பகைவர் வாராத படையெடுப்பு

குஸ்திப் பிரியர்களாகிய நாங்கள் கூடிப் பேசுங்கால், 2001-ஆம் ஆண்டுப் படையெடுப்பு நினைவுக்கு வராமற் போவதில்லை; வந்தால் ஏக்கமும் சினமும் உடன் வரும்.

அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூ.சி.டபிள்யூ. என்னும் இரு குஸ்தி நிறுவனங்கள் 1995 முதல் திங்கள் இரவுதோறும் தொலைக்காட்சியில் போட்டியிட்டன. 2001 மார்ச்சில் முன்னது பின்னதை விலைக்கே வாங்கிவிட்டது. எம் மல்லர் பெரியரா, உம் மல்லர் பெரியரா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய எங்களுக்குக் கோதாவிலேயே விடை கிடைக்கும் என மகிழ்ந்தோம்.

வந்தவர் எவர்? புக்கர் டி வந்தார். டயமண்ட் டாலஸ் பேஜ் வந்தார். கோல்ட்பெர்க், ஸ்டிங், கெவின் நாஷ் முதலிய பெருமல்லரோ, பழைய தாய் நிறுவனத்தின் ஒப்பந்த ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு இல்லத்தில் இருந்துவிட்டனர். (அவர்களைக் குறை கூறோம், உழையாது வரும் சம்பளத்தை மறுப்பவர் யார்?) ஆகவே ஜூலை 22-இல் கிளீவ்லாந்தில், ஸ்டீவ் ஆஸ்டின் தம் அணியினரையே காட்டிக்கொடுத்துப் படையெடுத்தோர்க்கு வெற்றி தேடித்தர நேர்ந்தது.

நவம்பர் 18-இல் கிரீன்ஸ்பரோவில் ஐவரோடு ஐவர் மோதிய இறுதிப் போரில் படையெடுத்தோர் தோற்றனர். அவ்வைவருள், வாங்கப்பட்ட நிறுவனத்திலிருந்து நேரே வந்தவர் புக்கர் டி ஒருவரே.

அந்நிறுவனத்தின் முதுபெரும் மல்லர் ரிக் ஃபிளேர் வந்து நின்றது, மறுநாள் இரவு.