லாரியின் காற்றுப் பை மாற்றுகிறீர்களா? அடியில் போகும் முன் கவனியுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்திலேயே லாரியும் இருப்பது புதிதல்ல. அண்ணன் வெள்ளாமையைப் பார்ப்பார், தம்பி வண்டி ஓட்டுவார். மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், கோழித்தீவனம், உரமூட்டை என்று ஏற்றி இறக்கும் பெரிய வண்டிகள் பலவற்றில் ஸ்பிரிங் பட்டையோடு காற்றுப் பையும் இப்போது சேர்ந்துவிட்டது. பட்டறையில் ‘பெல்லோ’ என்றும் ‘பலூன்’ என்றும் சொல்வது இதைத்தான்.

காலியாகப் போகும் லாரியில் ஒரு வரிசைச் சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் மேலே நிற்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அந்த லிஃப்ட் ஆக்சிலைத் தூக்குவது ஒரு காற்றுப் பை. பாரம் ஏற்றியதும் அதே ஆக்சிலைக் கீழே அழுத்திச் சுமையில் பங்கு வாங்க வைப்பது வேறு காற்றுப் பை. பட்டையே இல்லாமல் முழுக்கக் காற்றில் நிற்கும் பஸ், டிரெய்லர்களும் உண்டு. அவற்றில் குலுக்கல் குறைவு. தக்காளி, பழம் போன்ற சரக்கு அடிபடாமல் போய்ச் சேரும்.

பார்க்க ரப்பர் போலத்தான் இருக்கும். ஆனால் பாரத்தைத் தாங்குவது ரப்பருக்குள் பதித்திருக்கும் நூல் அடுக்குகள். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள பை ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் இருந்தால், அந்த ஒரு பை தூக்கும் எடை ஏறக்குறைய 3 டன். ஓட்டையில் பஞ்சர் பேட்ச் போட்டு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். பேட்ச் ஓட்டையை மூடலாம், அறுந்த நூலைச் சேர்க்காது. கசிந்த பையை மாற்றுவதுதான் வழி.

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முதல் சந்தேகம் பையின் மேல் விழும். உடனே புதுப் பை வாங்க ஓட வேண்டாம். சோப்புத் தண்ணீரைப் பை, குழாய் இணைப்பு, வால்வு எல்லாவற்றின் மேலும் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வருகிற இடம்தான் கசிகிற இடம். பல சமயம் கோளாறு ஒரு சின்ன இணைப்பில் இருக்கும். லிஃப்ட் ஆக்சில் பை கசிந்தால் வண்டி சாயாமலே போகலாம். ஆனால் அந்தச் சக்கரங்கள் தாங்க வேண்டிய சுமை மற்ற சக்கரங்களின் மேல் ஏறி, அந்த டயர்கள் சூடாகித் தேயும். டயர் செலவு ஏறுகிறதே என்று புலம்புகிறவர்கள் இதையும் பார்ப்பது நல்லது.

பை ஏன் போனது?

புதுப் பை போட்ட சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி கிழிந்தால் பையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பை அளவுக்கு மீறி நீளும். ஆக்சில் கையின் புஷ் தேய்ந்திருந்தால் ஆக்சில் கோணலாகி, பை பக்கத்து இரும்பில் உரசும். உரசிய இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும், கழற்றிய பழைய பையைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். மடிப்பில் கல்லும் சேறும் தங்கி அறுப்பதும் உண்டு. வயல் ஓரத்திலும் செங்கல் சூளையிலும் ஓடும் வண்டிகளுக்கு இது சாதாரணம். டீசலும் கிரீஸும் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும்.

விவசாயச் சரக்கு ஏற்றும் வண்டிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பொட்டாஷ் உரம், கோழி எரு இரண்டும் இரும்பை அரிக்கும். பை உட்காரும் தட்டும் போல்ட்டும் துருவேறி, துருவின் கூர்முனை ரப்பரைக் குத்தும். இந்தச் சரக்கு இறக்கிய அன்றே வெறும் தண்ணீரால் அடிப்பாகத்தை அலசிவிட்டால் போதும். தட்டை மட்டும் கழுவிவிட்டு அடிப்பாகத்தை விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

அடியில் போகும் முன்

கிராமத்துப் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு, காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் அப்படியே படுத்துப் போவது. ஸ்பிரிங் பட்டையில் ஒன்று உடைந்தாலும் மற்றவை கொஞ்சம் தாங்கும். காற்றுப் பை வெடித்தால் தாங்க எதுவும் இல்லை. சேஸிஸ் கண் இமைக்கும் நேரத்தில் கீழே இறங்கும். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் தலையோ கையோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடியில் அனுப்பப்படுவது பெரும்பாலும் கிளீனர் பையன்தான் என்பதை வண்டி உரிமையாளர் மறக்கக் கூடாது.

வண்டியில் சரக்கு இருக்கக் கூடாது. கெட்டியான, மட்டமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். லிஃப்ட் ஆக்சில் மேலே இருந்தால் முதலில் தரையில் இறக்கிவிட வேண்டும், அதைப் பிடித்திருப்பதும் காற்றுதான். பிறகு சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவது காற்றை நம்புவதற்குச் சமம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் பட்டென்று நொறுங்கும் என்பதால் அவை ஸ்டாண்ட் ஆகாது.

எஞ்சினை நிறுத்தி, அந்தப் பைகளில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். கையால் அழுத்தினால் பை தொளதொளவென்று இருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டு வராவிட்டால் கேஸ் கட்டிங் வைத்துச் சூடு காட்டக் கூடாது. பாடி வேலைக்கு வெல்டிங் வைக்கும்போதும் பைகளை மூடி வைக்க வேண்டும். ஒரு தீப்பொறி போதும் ரப்பரைத் துளைக்க.

புதுப் பை வாங்கும்போது பழையதன் பார்ட் நம்பரைப் பார்த்தே வாங்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உயரமும் போல்ட் இடமும் மாறும். மறுபக்கப் பையும் அதே வயதில் வெடிப்பு விட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே லாபம். வாங்கிய பையைக் கடையிலோ பட்டறையிலோ தனியாக வைத்துக் காற்றடித்துச் சோதிக்கவே கூடாது. கட்டுப்பாடு இல்லாமல் வீங்கி வெடித்துவிடும்.

உட்காரும் தட்டைத் துரு போகச் சுரண்டி, பை முறுக்கிக்கொள்ளாமல் பொருத்த வேண்டும். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மட்டும் டார்க் ஸ்பேனரில் முறுக்க வேண்டும். பலம் காட்டினால் போல்ட் அறுந்துபோகும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன்பே பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டு, மடிப்பு ஒரே சீராக விரிகிறதா என்று விலகி நின்று பார்க்க வேண்டும். வெறும் பையின் மேல் பாரத்தை இறக்கினால் மடிப்பு நசுங்கி, முதல் நாளே கிழியும். பிறகு மறுபடி சோப்புத் தண்ணீர்.

முழுக்கக் காற்றில் நிற்கும் வண்டியானால் கடைசியாக உயரம். சேஸிஸ் உயரத்தை ஒரு வால்வும், ஆக்சிலோடு இணைந்த ஒரு கம்பியும் பார்த்துக்கொள்கின்றன. வண்டி கம்பீரமாக நிற்கட்டும் என்று சிலர் அந்தக் கம்பியை நீட்டி வைக்கிறார்கள். பை எப்போதும் இழுபட்டே நிற்கும், ஆயுள் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து, புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். முதல் லோடு இறக்கியதும், வண்டி காலியாக இருக்கும்போதே நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த வாடகைக்குப் போகலாம்.