பிறவித்திறன் என்னும் கற்பிதம்: கொல்லிமலை வில்விழாவும் விளையாட்டில் இனக் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

பழங்குடியினர் விளையாட்டில் வெற்றி பெறும்போது அவர்தம் குருதியையும் வாழிடத்தையும் அதற்குக் காரணமாகக் கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. புகழ்ச்சியின் வடிவில் அமைந்திருப்பதால் இக்கூற்று பெரும்பாலும் ஐயத்திற்கு உட்படுத்தப்படுவதில்லை. கொல்லிமலையில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவின் வில்வித்தைப் போட்டியைத் தொடக்கமாகக் கொண்டு, ‘பிறவித்திறன்’ என்னும் கருத்தின் வரலாற்றையும் இந்திய விளையாட்டுத் திட்டங்களில் அது செயற்பட்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. இக்கருத்து பழங்குடி விளையாட்டு வீரர்களின் உழைப்பை மறைப்பதுடன், பயிற்சி வாய்ப்பை வழங்கவேண்டிய நிறுவனங்களின் பொறுப்பையும் மறைக்கிறது என்பது கட்டுரையின் முடிபாகும்.

முதன்மைச் சொற்கள்: கொல்லிமலை, வல்வில் ஓரி, மலையாளிப் பழங்குடியினர், வில்வித்தை, இனக் கருத்து, விளையாட்டு அறம்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால் கொல்லிமலையை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை உள்ளது. ஆடித் திங்கள் 17, 18ஆம் நாள்களில் அரசு சார்பில் கொண்டாடப்படும் வல்வில் ஓரி விழாவையொட்டி வில்வித்தைப் போட்டி நடத்தப்படுகிறது. சங்க இலக்கியம் போற்றும் வில்லாளியின் நினைவு, இன்றைய விளையாட்டுப் போட்டியாக வடிவம் பெறும் அரிய நிகழ்வு இது.

இத்தகைய சூழலில் ‘மலைமக்களுக்கு வில் பிறவியிலேயே வாய்த்த கலை’ என்னும் கூற்று இயல்பாகவே எழுகிறது. இக்கூற்று உண்மையா, அது யாருக்குப் பயன்படுகிறது, அதனால் யார் இழப்புக்கு உள்ளாகின்றனர் ஆகிய மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

1. ஓரியும் மலையாளிகளும்

ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியுள்ளார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று இறுதியில் உடும்பைத் தைத்ததாக அப்பாடல் அமைகிறது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாடலில் இடம்பெறுகிறது. வன்பரணரின் பாடலில் போற்றப்படுபவை தனியொரு தலைவனின் வில்லாற்றலும் கொடையும் ஆகும். ஒரு மக்கட் கூட்டத்தின் குருதிவழிப் பண்பாக வில்லாற்றல் அங்குக் கூறப்படவில்லை.

இன்று கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பட்டியல் பழங்குடியினர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இவர்கள் சாமை, தினை, கேழ்வரகு முதலான சிறுதானியங்களைப் பயிரிட்டு வந்தவர்கள். மிளகு, காப்பி, அன்னாசி, மரவள்ளி ஆகியவையும் இங்கு விளைகின்றன. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்களிடையே வழங்கும் மரபுக்கதையை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு பதிவு செய்துள்ளது. இக்கதை வரலாற்று உண்மையா என்பது வேறு வினா. மலையாளிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தோற்றக்கதை இடப்பெயர்வைப் பற்றியது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஓரியின் வழிவந்த வில்லாளர் என்னும் அடையாளம் அக்கதையில் இல்லை.

எனவே ஓரியின் வில் கொல்லிமலை என்னும் இடத்தோடு இணைந்த நினைவாகும். அந்நினைவை அங்கு வாழும் உழவர்களின் உடற்கூறாக மாற்றும்போது இலக்கிய மரபு இனக் கருத்தாகத் திரிகிறது.

2. செயின்ட் லூயிஸ், 1904

இத்திரிபு கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. அதன் வெளிப்படையான வடிவத்தை 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காணமுடிகிறது. அவ்வாண்டு ஒலிம்பிக் போட்டிகள் அந்நகரின் உலகக் கண்காட்சியோடு இணைத்து நடத்தப்பட்டன. அக்கண்காட்சியில் காட்சிப்பொருள்களாக வைக்கப்பட்டிருந்த பழங்குடி மக்களைக் கொண்டு ஆகஸ்டு 12, 13 ஆகிய நாள்களில் ‘மானிடவியல் நாள்கள்’ என்ற பெயரில் போட்டிகள் நடத்தப்பட்டன. அமெரிக்கப் பழங்குடியினர், பிலிப்பைன்ஸ் மக்கள், ஜப்பானின் ஐனுக்கள், படகோனியர், ஆப்பிரிக்கப் பிக்மிகள் முதலானோர் இவற்றில் பங்கேற்கச் செய்யப்பட்டனர். ஓட்டம், எறிதல் ஆகியவற்றோடு வில்வித்தையும் இடம்பெற்றிருந்தது.

பழங்குடியினர் இயற்கையிலேயே சிறந்த விளையாட்டு வீரர்கள் என மெய்ப்பிக்கக் கண்காட்சியின் மானிடவியல் துறைத் தலைவர் மெக்ஜீ விரும்பினார். போட்டிகளை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், பழங்குடியினரின் உடல்திறன் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்ற முடிவுக்கு வந்தார். பங்கேற்றோருக்கு விதிகள் போதிய அளவில் விளக்கப்படவில்லை. முறையான பயிற்சியும் அளிக்கப்படவில்லை. இருவரின் முடிவுகளும் எதிரெதிரானவை எனினும் அடிப்படை ஒன்றே. இருவரும் திறனைக் குருதியில் தேடினர். பயிற்சி என்னும் காரணி இருவர் கணக்கிலும் சேரவில்லை.

அதே ஒலிம்பிக்கில் பெண்களுக்கெனப் பதக்கத்துடன் நடத்தப்பட்ட ஒரே விளையாட்டு வில்வித்தையாகும். அதில் பங்கேற்றோர் அனைவரும் அமெரிக்கப் பெண்கள். இவ்வாறு ஒரே நகரில், ஒரே ஆண்டில், சங்கங்களில் பயின்றோரின் வில் விளையாட்டாகவும், பழங்குடியினரின் வில் ஆய்வுக்குரிய மாதிரியாகவும் கருதப்பட்டது. பெண்களுக்கு மிகக் குறுகிய அளவில் திறந்த கதவு பழங்குடியினருக்குத் திறக்கவில்லை.

3. இந்தியத் திட்டங்களில் பிறவித்திறன்

1980களில் இந்திய விளையாட்டு ஆணையம் ‘சிறப்புப் பகுதி விளையாட்டுகள்’ என்னும் திட்டத்தைச் செயற்படுத்தியது. பழங்குடிப் பகுதி, மலைப்பகுதி, கடலோரப் பகுதி ஆகியவற்றிலிருந்து இளையோரைத் தேர்ந்து பயிற்றுவிப்பது இதன் நோக்கம். புறக்கணிக்கப்பட்ட பகுதிகளை நாடிச் சென்ற வகையில் இது பாராட்டத்தக்க முயற்சியாகும். எனினும் எந்த மக்களுக்கு எந்த விளையாட்டு என்னும் பகுப்பில் பிறவித்திறன் கருத்து இடம்பெற்றது. வில்லுக்குக் காட்டுவாழ் பழங்குடியினர், தடகளத்திற்கு ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்திகள் என அப்பகுப்பு அமைந்தது.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்திகளின் முன்னோர் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆப்பிரிக்கத் தோற்றம் உடையவர்கள் என்பதால் சிறந்த ஓட்டக்காரர்கள் ஆவர் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் ஆப்பிரிக்கா ஒரே உடற்கூறு கொண்ட நிலமன்று. நெடுந்தொலைவு ஓட்டத்தில் புகழ்பெற்ற கென்ய வீரர்கள் பலர் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் உயர்நிலத்தில் வாழும் கலென்ஜின் மக்கள். சித்திகளின் முன்னோர் பண்டு மொழிகள் பேசிய பிற மக்களோடு தொடர்புடையவர்கள். மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்திற்குள்ளேயே காணப்படுகிறது என்று 1972இல் ரிச்சர்டு லெவோன்டின் காட்டியதையும் இங்கு நினைவுகூரலாம். தோல் நிறத்தைக் கொண்டு ஓட்டத்திறனைக் கணிப்பதற்கு இவ்வறிவியலில் இடமில்லை.

பயிற்சி பெற்ற சித்தி இளைஞர்கள் சிலர் தேசிய அளவில் சிறந்து விளங்கினர். எனினும் அவர்களுக்கான பயிற்சி 1993ஆம் ஆண்டளவில் நின்றுபோனது. குருதிதான் காரணம் எனில் பயிற்சி நின்ற பின்னரும் வெற்றிகள் தொடர்ந்திருத்தல் வேண்டும்.

இராசத்தானின் லிம்பா ராம் இதற்கு மறுபக்கச் சான்றாவார். உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த இவர் மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். 1987இல் நடந்த தேர்வில் கண்டறியப்பட்டுத் தில்லியில் பயிற்சி பெற்ற இவர் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார்; 1991ஆம் ஆண்டிற்கான அர்ச்சுனா விருதையும் 2012இல் பத்மசிறீ விருதையும் பெற்றார். இவரைப் பற்றிய பேச்சுகளில் காட்டு வில்லே முதன்மை பெறுகிறது. காட்டு வில்லுக்கும் ஒலிம்பிக் களத்திற்கும் இடையே பயிற்சியாளரும், புதிய கருவியும், உணவும், நாள்தோறும் செய்த பயிற்சியும் இருந்தன என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

4. குறியைத் தீர்மானிப்பவை

ஒலிம்பிக் வில்வித்தையில் வீரர் 70 மீட்டர் தொலைவில் நின்று 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கை நோக்கி எய்கிறார். பத்துப் புள்ளி பெறும் நடுவட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். குறிபார்க்கும் கருவியும் அதிர்வைத் தணிக்கும் தண்டுகளும் பொருத்திய ‘ரிகர்வ்’ வில் இதற்குப் பயன்படுகிறது. பன்னாட்டுத் தரமுள்ள ஒரு தொகுப்பின் விலை இலட்சங்களில் உள்ளது. இந்தியாவில் மூங்கில் வில்லைக் கொண்டு குறைந்த தொலைவுகளில் எய்யும் ‘இந்தியச் சுற்று’ என்னும் பிரிவும் உண்டு. ஏழை மாணவர்கள் தொடங்குவதற்கு அது எளிய வழி. ஆனால் அப்பிரிவு ஒலிம்பிக்கில் இல்லை. மூங்கில் வில்லிலிருந்து ரிகர்வ் வில்லுக்கு மாறுவதற்குப் பணமும் பயிற்சியாளரும் தேவைப்படுகின்றன. திறமையுள்ள பலர் தேங்கி நிற்கும் இடம் இதுவே.

தென்கொரியாவின் சான்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. 1988 முதல் 2024 வரையிலான பத்து ஒலிம்பிக் போட்டிகளிலும் பெண்கள் குழுப் பிரிவின் தங்கத்தை அந்நாடே வென்றுள்ளது. 2024 பாரிசில் வில்வித்தையின் ஐந்து தங்கங்களும் அந்நாட்டிற்கே கிட்டின. இவ்வெற்றிகளை விளக்கும்போது பள்ளி அளவிலான பயிற்சி, கடுமையான தேர்வுமுறை, நிறுவனங்களின் நெடுங்கால நிதியுதவி ஆகியவை பேசப்படுகின்றன. இந்தியாவிலும் 1996இல் சம்செட்பூரில் தொடங்கப்பட்ட டாட்டா வில்வித்தைக் கழகம் தீபிகா குமாரி உள்ளிட்ட பன்னாட்டு வீரர்களை உருவாக்கியது. கொரியருக்கு அமைப்பு, பழங்குடியினருக்குக் குருதி என இருவேறு அளவுகோல்கள் கையாளப்படுவதே இனக் கருத்தின் அடையாளமாகும்.

5. புகழ்ச்சியின் விளைவுகள்

பிறவித்திறன் என்னும் புகழ்ச்சி மூன்று வகைகளில் கேடு விளைவிக்கிறது. முதலாவதாக, வெற்றி குருதியின் கணக்கில் சேர்வதால் வீரரின் உழைப்பு மறைகிறது. இரண்டாவதாக, தோல்வி அவருடைய ஒழுங்கின்மையாகவோ ஊக்கமின்மையாகவோ கருதப்படுகிறது. பயிற்சிக் குறைபாடு கேள்விக்கு உள்ளாவதில்லை. மூன்றாவதாக, ஒரு மக்கள் ஒரே விளையாட்டில் அடைக்கப்படுகின்றனர். கொல்லிமலைச் சிறுமி ஒருத்தி சதுரங்கமோ நீச்சலோ விரும்பினால் அவ்விருப்பத்தை வில் என்னும் எதிர்பார்ப்பு மறைத்துவிடக் கூடும்.

பெண்கள் நிலையில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மலையில் வாழும் பெண் தொடர்பயிற்சி பெற, சமவெளியின் விளையாட்டு விடுதியில் தங்க வேண்டியிருக்கலாம். பாதுகாப்பு, கல்வி, வீட்டுப்பணி ஆகியவை பற்றிய குடும்பத்தின் கவலைகளுக்கு விடையளிப்பது நிறுவனத்தின் கடமை. ‘இயற்கையாகவே வலிமை வாய்ந்த மலைப்பெண்’ என்னும் வருணனை இக்கவலைகளுள் ஒன்றையும் தீர்ப்பதில்லை.

ஏகலைவன் கதை இவ்விடத்தில் மறுவாசிப்பிற்கு உரியது. வேடர்குலத்தவனான அவன் மண்ணாலான குருவின் உருவத்தின்முன் இடைவிடாது பயின்றே வில்லாளன் ஆனான். அவனுக்குக் குறைவாக இருந்தது திறனன்று. குருவை அணுகும் உரிமையே. இந்தியாவில் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் பெயரிலேயே விருது வழங்கப்படுகிறது. பழங்குடி மாணவர்களுக்கான உறைவிடப் பள்ளிகள் ஏகலைவன் பெயரைத் தாங்குகின்றன. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலான அறச்சிக்கலைப் பெயர்சூட்டல் மட்டும் தீர்த்துவிடாது.

முடிவுரை

கொல்லிமலையின் வில்விழா பேணத்தக்க பண்பாட்டு நிகழ்வு. அதனை இனப்பண்பின் வெளிப்பாடாகக் காணாமல், விளையாட்டு வாய்ப்பின் தொடக்கமாகக் காணும்போதே அது மலைமக்களுக்குப் பயன்படும். ஆடியில் இரு நாள்கள் வில்லேந்தும் மாணவர்க்கு ஆண்டின் ஏனைய நாள்களிலும் வில்லும் பயிற்சியாளரும் கிடைக்கின்றனரா என்பதே கேட்கவேண்டிய வினா. திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுகள் பதக்க எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், பயிற்சி நீடித்த காலம், இடைநின்றோர் நிலை, கல்வித் தொடர்ச்சி, பெண்களின் பங்கேற்பு, வீரர் தாமே தேர்ந்த விளையாட்டு ஆகியவற்றையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும். விளையாட்டு வரலாற்றையும் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதுவோர், பழங்குடி வீரரின் வெற்றியைப் பிறருடைய வெற்றியைப் போன்றே பயிற்சியின் வரலாறாக எழுதுதல் வேண்டும். வல்வில் ஓரியின் புகழ் அதனால் சிறிதும் குறையாது. இன்று அம்மலையில் வில்லேந்தும் இளையோரின் உழைப்பு உரிய பெயரைப் பெறும்.