விழியை உறுத்தும் இமை மயிர்

கண்ணுக்கு இயற்கை இட்ட வேலி இமை மயிர். தூசியும் சிறு பூச்சிகளும் விழியை அணுகாமற் காப்பதே அதன் தொழில். அதற்கேற்ப மேலிமை மயிர்கள் மேல்நோக்கியும் கீழிமை மயிர்கள் கீழ்நோக்கியும் வெளிப்புறமாக வளைந்து நிற்கின்றன. ஆயினும் வேலியே பயிரை மேய்ந்தாற்போல, இவற்றுட் சில திசைமாறி உள்நோக்கி வளர்வதும் உண்டு. அப்போது காவலாய் நின்ற மயிரே கண்ணைக் காயப்படுத்தும் கருவியாகிவிடுகின்றது.

மனிதன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கின்றான். ஆகவே உள்நோக்கிய ஒரே ஒரு மயிர்தானும் மணிக்கு 900 முறை விழியை உராயக்கூடும். கருவிழிக்கு முன்னே தெளிந்த கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிவெண்படலத்தின் தடிப்போ நடுப்பகுதியில் அரை மில்லிமீற்றர் அளவே. ஓயாத உராய்வினால் அதன் மேற்பரப்பு உரிகின்றது, கண் சிவந்து நீர் வடிகின்றது, வெளிச்சம் கூசுகின்றது. உரிந்த இடத்திற் கிருமி புகுந்தாற் புண் உண்டாகும். புண் ஆறிய பின்னும் வெண்மையான தழும்பு எஞ்சி நிற்கும். தழும்பு பார்வைக்கு நேரே அமையுமாயின் பார்வை மங்கிவிடும்.

இமை விளிம்பில் நெடுநாள் நீடிக்கும் அழற்சி, தீக்காயம், இமையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் முதலியன மயிர்வேர்களைத் திசைதிருப்பக் கூடியவை. முதுமையில் தசைநார் தளர்ந்து கீழிமை முழுவதுமே உட்புறம் சுருளுதலும் உண்டு. திரக்கோமா என்னும் தொற்றுநோய் மேலிமையின் உட்புறத்தைத் தழும்பாக்கி, அதனை உள்ளே இழுத்துவிடுகின்றது. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், திரக்கோமா இந்தியாவிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனினும், இளமையில் அந்நோயுற்றோரின் இமைத் தழும்பு முதுமையிலும் தொல்லை தரக்கூடும். எத்தியோப்பியா முதலான நாடுகளில் அந்நோய் இன்னும் கண்ணொளியைப் பறித்து வருகின்றது.

சிகிச்சையைத் தெரிவு செய்யுமுன் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிழை மயிரிலா, இமையிலா என்பதே அது. இமை நேராயிருக்க, ஓரிரு மயிர்கள் மட்டும் திசைமாறியிருப்பின் அவற்றை நீக்கினாற் போதும். இமையே உட்புறம் திரும்பியிருப்பின், மயிரை மாத்திரம் நீக்குவதால் நிலையான பயன் கிட்டாது.

மயிரைச் சாவணத்தாற் பிடுங்குவதே எளிய வழி. உடனே சுகம் கிடைக்கும். ஆனால், வேர் அழியாதபடியால் ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்களில் மயிர் மீண்டும் முளைத்துவிடும். அவ்வாறு முளைக்கும் குட்டை மயிர் நீண்ட மயிரைப்போல வளைந்து கொடாது. விறைப்பாய் நின்று முன்னிலும் அதிகமாக உறுத்தும். வீட்டிற் பிடுங்கும்போது மயிர் இடையில் முறிந்து, அடிக்கட்டை எஞ்சினாலும் இதே துன்பமே.

மயிர்வேரையே அழிக்கும் முறைகள் பல. 1875 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிச்செல், நுண்ணூசியொன்றை வேரினுட் செலுத்தி, மின்னோட்டத்தால் அதனை அழிக்கும் முறையை வெளியிட்டார். இன்று உயர் அதிர்வெண் மின்னலைகளும் லேசர் கதிரும் இதே பணியைச் செய்கின்றன. சில மயிர்களே பழுதாயிருக்கும்போது இவை ஏற்றவை. பல மயிர்கள் ஓரிடத்தில் திரண்டிருந்தால், அவ்விடத்தைப் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வரை உறையச் செய்தல் உண்டு. ஆனால், தோலுக்கு நிறமூட்டும் கலங்கள் அக்குளிருக்கு முன்னதாகவே மடிந்துவிடுமாதலால், கருநிற மேனியுடையோர்க்கு இமையில் வெண்திட்டு விழக்கூடும். எம்முறையாயினும் ஒரே தடவையில் முற்றாகப் பலிக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. மீண்டும் செய்ய நேர்வதுண்டு.

இமையே திரும்பியிருப்பிற் சத்திரசிகிச்சையே தக்க வழி. இமையை விறைக்கச் செய்யும் ஊசி மருந்திட்டு, தளர்ந்த கீழிமையை இறுக்கித் தைப்பர். திரக்கோமாத் தழும்புள்ள மேலிமையில், உள்ளிருக்கும் தகட்டை அரிந்து விளிம்பை வெளிப்புறமாகத் திருப்பித் தைப்பர். இத்தகைய எண்ணம் புதியதன்று. சுசுருத சங்கிதை இந்நோய்க்குப் பக்ஷ்மகோபம் என்று பெயரிட்டு, இமைத்தோலில் ஒரு பகுதியை அரிந்தெடுத்துத் தைக்கும் முறையைக் கூறுகின்றது.

சொட்டு மருந்தும் களிம்பும் உராய்வின் வேதனையைத் தணிக்கும்; மயிரின் திசையை மாற்றா. குழந்தைகளிற் கீழிமைத் தோல் மடிந்து மயிரை உள்ளே தள்ளுமாயின், முகம் வளர வளர அது தானாகவே சீராவது உண்டு. ஆயினும் விழியிற் கீறல் உளதா என்று பார்த்தல் அவசியம். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ கண்ணில் விடுதல் ஆகாது. உரிந்த படலத்திற் கிருமி புக அது வழியாகும்.

மீண்டும் மீண்டும் சிவந்து நீர் வடியும் கண்ணை வெறும் கண்ணோய் என்று எண்ணி, மருந்தை மாற்றி மாற்றி விடுவோர் பலர். அத்தகையோர் கண் வைத்தியரிடம் சென்று இமை விளிம்பையும் சோதிப்பித்தல் வேண்டும். திசைமாறிய மயிரை எப்போதும் நீக்கலாம். விழியில் விழுந்த தழும்பை நீக்குதல் அத்துணை எளிதன்று. நோவு கடுமையாகிப் பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெண்புள்ளி தோன்றினாலோ, அன்றைய தினமே வைத்தியசாலையை நாடுதல் கண்ணைக் காக்கும்.