பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கொசுவலை

உங்களுக்குத் தெரியுமா? தான்சானியாவின் தெற்கே லிண்டி, ம்த்வாரா, ருவூமா மாகாணங்களில் 2013-இல் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொசுவலை கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். எல்லா வகுப்புக்கும் அல்ல, குறிப்பிட்ட சில வகுப்புகளுக்கு மட்டும். கஞ்சத்தனம் இல்லை, கணக்குதான்! வலை ஏறக்குறைய 3 ஆண்டுதான் தாங்கும். ஊருக்கே ஒரே நாளில் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கிழியும். ஆண்டுதோறும் சில பிள்ளைகள் கொண்டுவந்தால் வீட்டுக்குப் புது வலை வந்துகொண்டே இருக்கும். வாங்கி வருவது அக்கா. அந்த வலைக்குள் தூங்குவது பெரும்பாலும் கைக்குழந்தைத் தம்பி. மலேரியா அதிகம் பலிவாங்குவதும் 5 வயதுக்கு உட்பட்டவர்களைத்தான்.

வலை நூலில் பூச்சிமருந்து உண்டு. உட்காரும் கொசு சாகும். புது வலையை முதலில் 24 மணி நேரம் நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் மருந்து வீரியம் இழக்கும்.