சரிவு நிலத்திற் படலை அமைக்கும் முறை

வேலிக்கு முட்கம்பியை இறுக்கமாக இழுத்துக் கட்டும் கமக்காரர் பலர், படலையின் கீழே ஒரு முழ இடைவெளியை விட்டுவைத்திருப்பதைக் காண்கிறோம். காட்டுப்பன்றியும் கட்டாக்காலிக் கன்றும் வேலியைச் சோதித்துக் கொண்டிருப்பதில்லை. அந்த இடைவெளியாலேயே நுழைகின்றன. ஈடு வைத்து நட்ட உருளைக்கிழங்கை ஒரே இரவிற் கிளறிவிடப் பன்றிகள் இரண்டு போதும்.

வெலிமடை போன்ற மலைச்சரிவுகளில் இக்குறை அதிகம். தச்சர் படலையைச் சமதரைக்குரிய அளவிற் செய்து தருகிறார். அது திறக்கும்போது மேட்டில் முட்டுகிறது. உடனே அடிப்பாகம் அரியப்படுகிறது. ஆனால், அரிய வேண்டியது படலை அன்று. தூணுக்குக் குழி தோண்டுமுன் நிலத்தின் ஏற்றத்தை அளந்திருந்தால் இந்நிலை வந்திராது.

அளக்கும் முறை எளிது. பிணைச்சற்றூண் நிற்கும் இடத்தில் ஒரு முளையை அடித்து, படலையின் அகலமுள்ள கயிற்றை அதிற் கட்டுங்கள். கயிற்றை இரசமட்டத்தின் உதவியால் மட்டமாகப் பிடித்து, படலை சுழலும் வழியே மெல்லக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வோர் அடி தூரத்திலும் கயிற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 அடிப் படலை திறந்து நிற்கும் இடத்தில், அதன் நுனியில், மண் 6 அங்குலம் உயர்ந்திருக்கிறதா, 1 அடி உயர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே வழி அமையும்.

பள்ளப் பக்கமாகத் திறப்பதே முதலில் நினைவுக்கு வரும் வழி. அப்பக்கம் உங்கள் சொந்த நிலமாயின் அதுவே சிறந்தது. பொது வீதியாயின் அவ்வாறு செய்தல் ஆகாது. இருளில் வரும் சைக்கிள்காரருக்குத் திறந்த படலை எமனாகும்.

மேட்டுப் பக்கமாகவே திறக்க வேண்டின், திறக்கத் திறக்கப் படலை உயரும்படி பிணைச்சலைச் சாய்வாக அமைக்கலாம். தூணிற் பதிக்கும் இரும்பு முளைகள் இரண்டும் ஒரே தூக்குக்குண்டு நூலில் நிற்காமல், மேல் முளை வாசற்பக்கமாகச் சற்று வெளியே நீண்டு நிற்க வேண்டும். முளைகளுக்கிடையே 40 அங்குலமும், படலை 10 அடியும், ஏற்றம் 6 அங்குலமும் ஆயின், மேல் முளை 2 அங்குலம் நீளட்டும். படலையிற் பூட்டும் கீழ் வளையத்தை அதே 2 அங்குலம் நீளமாக வைத்தால், மூடிய படலை மட்டமாக நிற்கும்.

இங்கே பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. படலை பாதி திறக்கும்போது அதன் கீழுள்ள மண் முழு ஏற்றத்தில் முக்காற் பங்குக்குச் சற்றுக் குறைய உயர்ந்துவிடும். படலையோ காற் பங்குக்குச் சற்றுக் கூடவே உயரும். ஆகவே அது முட்டுவது நடுவழியிலேயே. 6 அங்குல ஏற்றத்துக்கு இக்குறை ஏறத்தாழ இரண்டரை அங்குலம். மூடிய படலையின் கீழ் 3 அங்குலம் விட்டால் தடையின்றிச் சுழலும்; பன்றியும் நுழையாது. ஏற்றம் 1 அடியாயின் 5 அங்குலத்துக்கு மேல் விட நேரிடும், அது கூடாது. அத்தகைய இடத்திற் படலையை 5 அடியுள்ள இரு கதவுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்றம் 6 அங்குலமாகக் குறையும். மேல் முளை 4 அங்குலம் நீள வேண்டும். இவ்வாறு பூட்டிய படலை தானாகவே மூடிக்கொள்ளும். ஆதலால் திறந்து நிறுத்தக் கொளுக்கி ஒன்று தேவை.

நிலம் ஒரு தூணிலிருந்து மற்றத் தூணுக்குச் சரிந்திருந்தால் படலையை மேட்டுத் தூணிலேயே பூட்டுங்கள். பள்ளத்து நுனியின் கீழ் விழும் இடைவெளியைக் கல்லும் சீமெந்தும் கொண்டு வாசற்படிபோல் உயர்த்தி அடையுங்கள். வண்டிச் சக்கரம் ஏறியிறங்க அது தடையாகாதவாறு இருபுறமும் சாய்வாக முடியுங்கள். மழைநீர் படியில் தேங்காமல் ஒதுங்கச் சிறு வாய்க்காலும் வேண்டும்.

8 அடித் தூணில் 3 அடி மண்ணுள் இறங்கட்டும். படலையின் பாரம் மேல் முளையை வெளியே இழுக்கும். கீழ் முளையை உள்ளே தள்ளும். மரப்படலையின் குறுக்குச் சட்டம் பிணைச்சற் பக்கத்து அடியிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல் மூலைக்குச் செல்ல வேண்டும். மாற்றி வைத்தால் நுனி தொங்கும். மேல் முளையைத் தலைகீழாகப் பதித்தால் மாடு கொம்பாற் படலையைத் தூக்கிக் கழற்ற இயலாது.

உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும் வரும் வாசலாயின், படலையை வீதியோரத்தில் வையாது, அவை முழுதாக ஒதுங்கி நிற்கும் தூரம் உள்ளே தள்ளி, கூடியவரை சமமான இடத்தில் அமையுங்கள். சரிவில் நிறுத்தி இறங்கிப் படலை திறக்க நேரின், பெட்டிச் சக்கரத்துக்குக் கல் அணை கொடாமல் இறங்க வேண்டாம். அக்கல்லைப் படலையருகிலேயே வைத்திருங்கள்.