கடல் கடக்கும் காகிதங்கள்

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில், ஜெர்மானியரையும் பிரெஞ்சுக்காரரையும் காண்பது ஊராருக்கு ஒரு விசேஷமே அல்ல. ரமண மகரிஷியைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-ஆம் ஆண்டில் வெளிவந்ததிலிருந்து, மேல்நாட்டார் அருணாசலத்தை நாடி வருவது நின்றபாடில்லை. அந்த யாத்திரைக்கு எதிர்த்திசையில் இன்று வேறொரு யாத்திரை நடக்கிறது. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் பௌதிகமோ ரசாயனமோ படித்துத் தேறிய பிள்ளைகள், ஜெர்மனியிலும் கனடாவிலும் மேற்படிப்புக்கு இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அவர்களுடைய காகிதங்கள் கடல் கடந்தாக வேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மார்க்‌ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஓர் அரசு அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் காரியம் முடிந்துவிடும் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டோம். அந்தக் கையெழுத்துக்குரியவர் யாரென்று அறிய வழியில்லாத அயல்நாட்டுக் கல்லூரியோ, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களையும் தொகுத்து, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தரும் டிரான்ஸ்கிரிப்டைத்தான் பல சந்தர்ப்பங்களில் கேட்கிறது. அந்த உறையை ஆவலினால் பிரித்துப் பார்த்துவிட்டால், உள்ளே இருப்பது எவ்வளவு உண்மையானதாயினும் அதற்கு மதிப்பில்லை. இம்மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு இதை வழங்குவது வேலூரை அடுத்த சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம். அது 2002-இல் தோன்றியது. அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டம் பெற்றவர்கள் சேப்பாக்கத்தைத்தான் நாட வேண்டும்.

எனினும், முத்திரையைவிட அதிகமாகப் பிள்ளைகளை அலைக்கழிப்பது அவர்களுடைய சொந்தப் பெயரே என்பேன். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தே இனிஷியலாக முன்னே நிற்கிறது. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்து எழுதியாக வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் மு. கார்த்திகேயனாக இருந்த பையன், பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் முருகன் ஆகிறான். இவ்விருவரும் ஒருவரே என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். நம் வழக்கத்தை அறியாத, ஆயிரக்கணக்கான மனுக்களைப் புரட்டும் ஒரு குமாஸ்தாவுக்கு எப்படி விளங்கும்? இது போதாதென்று, பள்ளியில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் அமைந்துவிடுகிறது. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பது ஒரு பரிகாரம். அதைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

இனி அப்போஸ்டில் என்னும் சான்று. 1961 அக்டோபர் 5-ஆம் தேதி ஹேக் நகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டு அரசு தன் பத்திரத்துக்கு இச்சான்றை அளித்தால், உடன்படிக்கையில் சேர்ந்த பிற நாடுகள் தூதரகச் சான்று கேட்காமலே அதை ஏற்கின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை இது 2005 ஜூலை 14 முதல் அமலில் இருக்கிறது. பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்க்க, அதன் பின்னரே மத்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் வில்லையை ஒட்டுகிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்தபடியால், அந்த நாட்டுக்கு இந்த வில்லை உதவுவதில்லை. அதற்குப் பதிலாக, டில்லியில் இயங்கும் ஏ.பி.எஸ். என்னும் ஜெர்மானியச் சரிபார்ப்பு அலுவலகத்தின் சான்றிதழை, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்குப் பெற வேண்டியிருக்கிறது. கனடா இவ்வுடன்படிக்கையை 2024 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. எனினும் அங்கே கல்வித் தகுதியை மதிப்பிடும் ஸ்தாபனங்கள் கேட்பது பல்கலைக்கழகம் ஒட்டி அனுப்பும் உறையையே. இந்த பேதங்களை அறியாத பெற்றோரிடம், வேண்டாத முத்திரைக்கும் சேர்த்து ஏஜென்டுகள் பணம் வாங்கிவிடுவதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை. எந்தக் கல்லூரி எந்தக் காகிதத்தை எந்த வடிவில் கேட்கிறது என்பதை, அக்கல்லூரியின் அறிவிப்பிலேயே வரி வரியாகப் படித்த பின்னரே ஒரு ரூபாயேனும் செலவிட வேண்டும்.

காலமும் நெருக்குகிறது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகளுக்கு ஜூலை 15-ஆம் தேதியே கடைசி நாள். இங்கே இறுதிப் பருவத் தேர்வின் முடிவு வெளியாகி, தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வரும் வரை காத்திருந்து ஓடத் தொடங்குபவனுக்கு அந்த வருஷம் கைநழுவிப் போகலாம். பெயரில் முரண் இருப்பது அப்போதுதான் தெரிய வருமாயின், பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனுச் செய்து திருத்துவதற்கு அவகாசம் ஏது? ஆதலால் முதலாம் ஆண்டில் சேரும் அன்றே, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்று கல்லூரி அலுவலகமே பார்த்துச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவனுக்கு அந்த எழுத்துகளையே பின்பற்றும்படி எடுத்துரைக்க வேண்டும். இறுதியாண்டில் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுவோரின் மனுக்களைத் திரட்டி, ஒரே கட்டாகச் சேர்க்காட்டுக்கு அனுப்பலாம். ஒரு நாள் கூலியை இழந்து மகளுடன் வேலூருக்குப் பஸ் ஏறும் தகப்பனுக்கு, கல்லூரி செய்யக்கூடிய மிகச் சுலபமான உதவி இது.