ஃபிரிட்ஜ் கூப்பிடுகிறது

திரையில் ஒரு மனிதன் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான். தலைக்கு மேல் ஒரு குமிழி, அதற்குள் சாப்பாட்டுப் படம். அவன் பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத மொழி. ஆனாலும் புரிகிறது: வயிறு காய்கிறது, ஃபிரிட்ஜுக்குப் போக வழியில்லை. வழியை மறித்துக்கொண்டு ஒரு நாற்காலி கிடக்கிறது. போட்டவன் நான்தான். அதை நகர்த்தியதும் ஓடினான், ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

'தி சிம்ஸ்' என்ற இந்த விளையாட்டு 2000 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவின் மேக்ஸிஸ் நிறுவனம் தயாரித்தது, வடிவமைத்தவர் வில் ரைட். சுட வேண்டிய எதிரி இல்லை, பிடிக்க வேண்டிய கோட்டை இல்லை. ஒரு வீடு, அதில் சில ஆட்கள். அவர்கள் தின்று, குளித்து, தூங்கி, வேலைக்குப் போய்வர வேண்டும். பசி, சௌகரியம், சுத்தம், கழிப்பறை அவசரம், தெம்பு, பொழுதுபோக்கு, பேச்சுத்துணை, அறையின் லட்சணம் என்று எட்டுத் தேவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பச்சையாக இருப்பது நேரம் போகப்போகச் சிவப்புக்கு இறங்கும். தெம்பு தீர்ந்தால் ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு படுப்பான். கழிப்பறை அவசரம் முற்றினால் மானம் போகும், அவ்வளவுதான். பசி தீராமல் போனால் உயிரே போகும். எட்டில் அதற்கு மட்டும்தான் அந்த அதிகாரம்.

இத்தனை முக்கியமான பசி இந்த விளையாட்டுக்குள் வந்த வழி கொஞ்சம் விநோதமானது. 1991 அக்டோபரில் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் ரைட்டின் வீடு எரிந்து போனது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டிய நிலையில், ஒரு குடும்பம் நடக்க உண்மையில் எவையெல்லாம் வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். முதலில் அவர் மனத்தில் இருந்தது வீடு கட்டும் விளையாட்டு. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலின் தாக்கம் அதில் உண்டு. நீங்கள் வீடு கட்டுவீர்கள். அது நல்ல வீடா என்று கணினி மதிப்பெண் போடும். எப்படிப் போடும்? உள்ளே சில ஆட்களை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும். வீடு அதற்கு வசதியாக இருக்கிறதா என்று பார்த்தால் போயிற்று. ஆக, ஆட்கள் வந்தது அளவுகோலாக. பிறகு வீட்டைவிட ஆட்களை வேடிக்கை பார்ப்பதே சுவையாக இருக்கவே, விளையாட்டு கைமாறிவிட்டது.

கணினி மனிதனுக்குச் சோறு போடுவது அதற்கு முன்பும் உண்டு. 1985-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக டேவிட் கிரேன் உருவாக்கிய 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' விளையாட்டில், திரைக்குள் குடியிருக்கும் ஒரு மனிதருக்கு உணவும் தண்ணீரும் நாம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் விற்ற தமகோட்சி, முட்டை அளவுப் பொம்மை. பசித்தால் பீப் என்று கத்தும், பொத்தானை அமுக்கினால் வாயைத் திறக்கும். அங்கெல்லாம் ஊட்டிவிடுகிற கை நம்முடையது. சிம்ஸில் வரும் ஆளை அப்படியே விட்டுவிட்டாலும் தானாக எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறக்கிறான். அதுதான் அதிசயம். பசித்தால் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அவன் தலைக்குள் ஃபிரிட்ஜ் என்ற ஒன்றே இல்லை.

நிரல் எழுத உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றுவது, அறிவை ஆளின் மண்டைக்குள் வைப்பதுதான்: பசித்தால் ஃபிரிட்ஜைத் தேடு, ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பீட்சாவுக்கு ஃபோன் செய், இப்படி. சிம்ஸில் அது தலைகீழ். அறிவு முழுக்கப் பொருள்களுக்குள் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானும் சந்தைக்கடைக்காரனைப் போல ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜ், 'என்னிடம் வா, பசிக்கு இவ்வளவு தருகிறேன்' என்கிறது. கட்டில் தெம்பைக் கூவுகிறது, டி.வி. பொழுதுபோக்கைக் கூவுகிறது. நிரலாளர்கள் இதை விளம்பரம் என்றே அழைத்தார்கள். ஆளுக்கு இருப்பது காது மட்டும்.

அந்தக் காது எல்லாவற்றையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதில்தான் வித்தை. பசிப் பட்டை உள்ளுக்குள் வெறும் எண். கழித்தல் 100-இல் இருந்து கூட்டல் 100 வரை. எண் 80-இல் இருக்கும்போது ஃபிரிட்ஜ் எவ்வளவு கத்தினாலும் அது முணுமுணுப்பாகத்தான் விழும். கழித்தல் 60-க்கு இறங்கிவிட்டால் அதே குரல் இடிபோலக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஏறுவது நேர்கோடு அல்ல, வளைகோடு: பசி முற்றமுற்றச் சோற்றின் மதிப்பு தாவித் தாவி ஏறுகிறது. பசி ருசி அறியாது என்று நாம் சொல்வதைக் கணக்காக வரைந்தால் இப்படித்தான் வரும். தூரமும் கணக்கில் சேரும். பக்கத்துச் சாமானின் கூவல் பலமாகவும் மாடியில் இருப்பதன் கூவல் சன்னமாகவும் விழும். எல்லாக் கூவல்களுக்கும் மதிப்பெண் போட்டுப் பட்டியலிட்ட பிறகு, உச்சியில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதுதானே நியாயம்? அப்படிச் செய்வதில்லை. மேலே உள்ள சிலவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கிறான். அதனால்தான் நல்ல பசியில் இருப்பவன் திடீரென்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். அவன் மனிதனாகத் தெரிகிறான். எப்போதும் சரியாகவே முடிவெடுப்பவன் இயந்திரமாகத் தெரிந்திருப்பான், விளையாடுகிற நமக்கும் வேலை இருந்திருக்காது.

ரைட் இந்த யோசனைக்கு எறும்புகளுக்குக் கடன்பட்டவர். சிம்ஸுக்கு முன்பே, 1991-இல் அவருடைய 'சிம்ஆன்ட்' வெளிவந்தது. எறும்புப் புற்றை ஆளும் விளையாட்டு. தனி எறும்புக்குப் பெரிய மூளை இல்லை. முன்னே போன எறும்பு தரையில் விட்டுச்சென்ற வாசனையைப் பின்னால் வருவது பிடித்துக்கொண்டு போகிறது. புற்றின் அறிவில் பாதி தரையில்தான் கிடக்கிறது. அந்த வாசனையை எடுத்து ஃபிரிட்ஜுக்குப் பூசியதுதான் சிம்ஸ்.

இன்னும் பின்னால் போனால் ஓர் ஆமை கிடைக்கிறது. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் சக்கரம் வைத்த இரண்டு மின் ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். மூளை என்று சொல்ல ஆளுக்கு இரண்டே வால்வுகள். பேட்டரி நிறைந்திருக்கும்போது பளீர் என்ற வெளிச்சம் கண்டால் விலகிப் போகும். பேட்டரி இறங்கியதும் அதே வெளிச்சம் இழுக்கத் தொடங்கும். மின்னேற்றும் கூண்டுக்குள் அவர் ஒரு விளக்கை ஏற்றிவைத்திருந்தார். ஆமைக்கு 'வீடு' என்பது தெரியாது, 'மின்சாரம்' என்பதும் தெரியாது. இருந்தும் பசித்தபோது வீடு திரும்பிற்று.

சரி, ஃபிரிட்ஜ் கூப்பிட்டு ஆள் வந்துவிட்டான். அதற்கப்புறம்? சாமானை எடுத்து, மேடையில் வைத்து நறுக்கி, அடுப்பில் ஏற்றி, மேசைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து தின்ன வேண்டுமே. அந்தப் படிகளையும் சாமான்களே சொல்லிக்கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டின் வசதி பின்னால்தான் முழுசாகத் தெரிந்தது. முதல் சிம்ஸுக்கு ஏழு விரிவாக்கத் தொகுப்புகள் வந்தன, கணக்கில்லாத புதுச் சாமான்களோடு. ஆட்களின் தலையில் கைவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கண்டிராத பொருளை வீட்டில் கொண்டுவைத்தால், என்னை இப்படிப் பயன்படுத்து என்று அதுவே பாடம் எடுத்துவிடும்.

விளையாடுகிறவரைப் படுத்துவது வேறொன்று: கடிகாரம். விளையாட்டின் ஒரு நிமிடம் நம்முடைய ஒரு நொடி. ஒரு முழு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆள் நடப்பது மட்டும் நம் வேகத்தில். படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நமக்குப் பத்து நொடி நடை என்றால் அவன் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஓடிவிடும். வாசலில் வேலைக்குக் கூட்டிப்போகும் கார் வந்து ஹாரன் அடிக்கும். இவன் அப்போதுதான் அடுப்புப் பக்கம் திரும்பியிருப்பான். ஒரு முட்டையைப் பொரித்துத் தின்று முடிப்பதற்குள் காலைப்பொழுது போயிருக்கும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனவன் மனநிலை கெட்டுத் திரும்புவான், பதவி உயர்வும் வராது.

எனவே விளையாடுகிறவர்கள் எல்லாரும் சீக்கிரத்திலேயே ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ஃபிரிட்ஜ், மேடை, அடுப்பு, மேசை நான்கையும் கைக்கெட்டும் தூரத்தில் நெருக்கிப் போட வேண்டும். பெரிய சமையலறை கட்டினால் பசிதான் மிஞ்சும். இதே கண்டுபிடிப்பை 1926-இல் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி நிஜ வாழ்க்கையில் செய்து காட்டினார். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொகுப்பு வீடுகளுக்காக அவர் வரைந்த சமையலறை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப்பெட்டியின் சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. சமைக்கிறவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணி மிச்சப்படுத்திய திட்டம் அது. அந்த மாதிரிச் சமையலறையைச் சுமார் 10,000 வீடுகளில் கட்டினார்கள். நான் என் சிம்ஸ் வீட்டில் மூன்று முறை சுவரை இடித்த பிறகுதான் அவர் போட்ட கணக்கின் அருமை தெரிந்தது. ரைட் முதலில் நினைத்த மதிப்பெண் போடும் கணினியும் இங்கே ஒளிந்திருக்கிறது: பசிப் பட்டை இன்றும் வீட்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.

சமைக்கத் தெரியாதவனை அடுப்பருகே அனுப்பினால் தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீயில் வீட்டை இழந்தவர் செய்த விளையாட்டில் தீ இல்லாமல் இருக்குமா?

நம் உடம்பின் பசியும் இப்படி இறங்கும் பட்டைதானா என்று கேட்டால், முழுக்க அப்படி இல்லை. 1912-இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் ஒரு பலூனை விழுங்கினார். வயிற்றுக்குள் அதை ஊதி, இரைப்பை சுருங்கும்போதெல்லாம் பதிவு செய்தார்கள். சுருக்கமும் பசியும் சேர்ந்தே வந்தன. வயிறுதான் பசியின் ஊற்று என்று தோன்றியது. ஆனால் அறுவைச் சிகிச்சையில் இரைப்பையை இழந்தவர்களுக்கும் பசிக்கத்தான் செய்தது. 1994-இல் கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்தது. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழு கிரெலினைக் கண்டது. இரைப்பையிலிருந்து கிளம்பிப் பசியைத் தூண்டுவது அது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. நம் பட்டைக்குக் கடிகாரமும் தெரிகிறது.

இன்னொரு வேறுபாடு இதைவிட விசித்திரம். மூளையின் ஹைபோதலாமஸில் பசி நேரத்தில் துடிக்கும் ஒருவகை நரம்பணுக்கள் உண்டு. பசித்த எலியின் மூளையில் அவற்றைக் கவனித்த ஆய்வாளர்கள், தின்னத்தின்ன அவை மெல்ல அடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். எலிக்கு முன்னால் உணவை வைத்ததுமே, ஒரு கவளம் வாய்க்குள் போகுமுன், சில நொடிகளில் அவை அடங்கத் தொடங்கின. 2015-இல் வெளியான முடிவு இது. சோறு வரப்போகிறது என்று தெரிந்ததுமே மூளை கணக்கை மாற்றி எழுதத் தொடங்கிவிடுகிறது.

என் ஆளுக்கு அந்த வசதி கிடையாது. தட்டை ஏந்திக்கொண்டு மேசைக்கு நடக்கும்போதும் அவன் பட்டை சிவப்பாகவே இருக்கிறது. முதல் வாய் இறங்கிய பிறகுதான் பச்சை ஏறுகிறது. இப்போது தின்று முடித்துவிட்டான். தட்டை அங்கேயே போட்டுவிட்டு டி.வி. பக்கம் போகிறான். கொஞ்ச நேரத்தில் அதில் ஈ மொய்க்கும். என்னைக் கழுவு என்று தட்டும் கூவிக்கொண்டுதான் இருக்கிறது. இவனை உருவாக்கியபோது குணங்களுக்குப் பங்கிட என் கையில் 25 புள்ளிகள் இருந்தன. சுத்தத்துக்கு நான் ஒன்றுகூட வைக்கவில்லை.